குறைமாதக் குழந்தைக்கு எந்த சர்ஃபாக்டன்ட்? குப்பிக்குள் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் வைத்து ஓர் ஒப்பீடு

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மருந்து வாங்கும் பேச்சில், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்க மூச்சுக்குழாயில் விடும் சர்ஃபாக்டன்ட் என்று வந்தாலே முதலில் மேசைக்கு வருவது விலைப்பட்டியல்தான். குப்பி எவ்வளவு, எத்தனை மி.லி., யார் தள்ளுபடி தருகிறார்கள் என்று அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். அதில் தப்பில்லை. விலை உயர்ந்த மருந்து இது. ஒரு குப்பியின் செலவே பல குடும்பங்களின் தலையில் இடியாக இறங்குகிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: ஒரு மி.லி.யில் பாஸ்போலிபிட் என்ற கொழுப்பு இத்தனை மி.கி., புரதம் இத்தனை மி.கி. என்று. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று புரிய, நுரையீரலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம்.

நுரையீரலின் காற்று நுண்ணறைகளின் உட்சுவரில் எப்போதும் ஈரம் உண்டு. ஈரம் இருக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை உண்டு. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பரப்பைச் சுருக்கப் பார்க்கும். இதை முதலில் அளந்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் கர்ட் வான் நீர்கார்ட். 1929இல் பன்றி நுரையீரல்களைக் காற்றால் நிரப்பிப் பார்த்தார், பிறகு திரவத்தால் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. நுரையீரல் சுருங்கப் பார்ப்பதில் பெரும்பங்கு திசுவின் இழுப்பல்ல, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுப்பு என்று அதிலிருந்து தெரிந்தது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உடல் வெப்பநிலையில் வெறும் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 70 மில்லிநியூட்டன். ஒரு நுண்ணறையின் ஆரம் 50 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லாப்லாஸ் விதிப்படி, இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் அந்த அறையைத் திறந்து வைக்கத் தேவையான அழுத்தம் கிடைக்கும். கணக்கு 2,800 பாஸ்கல் என்று வரும், அதாவது 28 செ.மீ. நீர் அழுத்தத்துக்கும் மேல். இழுவிசையை 25க்கு இறக்கினால் அது சுமார் 10 செ.மீ. ஆகிறது. 2க்கு இறக்கினால் ஒரு செ.மீ.கூட வேண்டாம். மூக்கின் வழியே அழுத்தம் தரும் சி-பாப் கருவியில் நாம் வழக்கமாக வைப்பது 5 முதல் 8 செ.மீ. என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நுண்ணறைகள் தனித்தனிக் குமிழிகள் அல்ல, சுவரைப் பகிர்ந்துகொள்பவை. அதனால் இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் 800 கிராம் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் எதனோடு மல்லுக்கட்டுகிறது என்பது இதில் தெரிகிறது.

அந்த 70ஐ 2க்கு இறக்குவதுதான் சர்ஃபாக்டன்டின் வேலை. இயற்கையான சர்ஃபாக்டன்டில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு, 10 சதவீதம் புரதம். கொழுப்பில் பெரிய பங்கு டைபால்மிடாயில் பாஸ்படைடில்கோலின் என்ற பாஸ்போலிபிடுக்கு, சுருக்கமாக டிபிபிசி. அதன் இரண்டு வால்களும் முழுக்க நிறைவுற்ற பால்மிடிக் அமிலம், வளைவே இல்லாத நேரான வால்கள். மூச்சு வெளியேறி அறை சுருங்கும்போது இந்த மூலக்கூறுகள் தோளோடு தோள் ஒட்டி நெருங்கி நிற்கும். நடுவில் நீர் மூலக்கூறு பரப்புக்கு வர இடமே கிடைக்காது. இழுவிசை கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் டிபிபிசி ஒன்றே போதாதா? இந்தத் துறை பல ஆண்டுகள் தடுக்கி விழுந்தது இந்தக் கேள்வியில்தான்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதையும், அதே அலமாரியில் நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். நிறைவுற்ற கொழுப்பு எளிதில் இறுகும். டிபிபிசி இளகுவது சுமார் 41 டிகிரி செல்சியஸில். உடம்பு 37 டிகிரி. அதாவது நம் உடம்புக்குள் தனி டிபிபிசி உறைந்த நிலையில்தான் இருக்கும். இறுகி நிற்க வேண்டிய கணத்தில் அது நன்றாக இறுகி நிற்கும். ஆனால் நீருக்குள்ளிருந்து பரப்புக்கு ஏறி வருவதற்கும், அடுத்த மூச்சில் அறை விரியும்போது மறுபடி பரவுவதற்கும் அதற்கு நேரம் போதாது. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடுகிறது. ஒரு மூச்சுக்கு ஒன்று, ஒன்றரை விநாடிதான். அதற்குள் பரப்பை நிரப்பி, சுருங்கும்போது இறுகி, விரியும்போது பரவ வேண்டும். நடுவில் சொன்ன வேலை கொழுப்பால் ஆகும். முதலும் கடைசியும் அதற்குத் தனியாக முடியாது.

நிறைவுறாத கொழுப்புகளும் பாஸ்படைடில்கிளிசரால் என்ற இன்னொரு பாஸ்போலிபிடும் படலத்தைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கின்றன. ஆனால் வேகம் வருவது புரதத்தால். சர்ஃபாக்டன்டில் நான்கு புரதங்கள் உண்டு: எஸ்பி-ஏ, பி, சி, டி. ஏயும் டியும் பெரியவை, நீரில் கரைபவை, முக்கியமாகக் கிருமிகளை எதிர்ப்பவை. பரப்பு இழுவிசைப் பேச்சில் நமக்கு வேண்டியவை பியும் சியும். எஸ்பி-பி 79 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம், நேர்மின்னூட்டம் உடையது. எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்படைடில்கிளிசராலைப் பற்றிக்கொண்டு, கொழுப்பு அடுக்குகளை ஒன்றோடொன்று இணைத்து, நீருக்குள் இருக்கும் கொழுப்பைப் பரப்புக்குத் தள்ளிவிடும். எஸ்பி-சி இன்னும் சின்னது, 35 அமினோ அமிலங்கள். அதன் மேலேயே இரண்டு பால்மிடிக் வால்கள் ஒட்டியிருக்கும். பரப்பிலிருந்து பிதுங்கி வெளியேறும் கொழுப்பை விட்டுவிடாமல் பக்கத்திலேயே பிடித்து வைத்து, விரியும்போது திருப்பித் தரும்.

இரண்டில் எது பெரிது என்று கேட்டால் தயங்காமல் எஸ்பி-பி என்பேன். பிறவியிலேயே எஸ்பி-பி இல்லாத குழந்தைகளைப் பற்றி 1993இல் முதலில் எழுதினார்கள். நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத்திணறலில் இறந்த குழந்தைகள் அவர்கள். அந்த மரபணுவை நீக்கிய எலிக்குட்டிகளும் பிறந்த உடனே இறக்கின்றன. எஸ்பி-சியில் கோளாறு இருந்தால் நுரையீரல் நோய் வரும், ஆனால் அது பெரும்பாலும் பிறகுதான் தலைகாட்டும். பெயரளவுக்கு இருக்கும் ஒரு புரதம் இல்லாமல் போனால், கொழுப்பு இருந்தும் நுரையீரல் திறப்பதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மருந்துகளுக்கு வருவோம். வழிகள் மூன்று: கொழுப்பு மட்டும், விலங்கு நுரையீரலிலிருந்து எடுத்த கொழுப்பும் புரதமும், செயற்கைக் கொழுப்போடு செயற்கைப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதச் சங்கிலி.

கொழுப்பு மட்டும் கொடுத்துப் பார்த்த கதை 1960களில் தொடங்குகிறது. 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் மூச்சுத்திணறும் குறைமாதக் குழந்தைகள் இறப்பது சர்ஃபாக்டன்ட் இல்லாமல்தான் என்று காட்டியிருந்தார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள் முடிவதற்குள் இதே நோயில் இறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். இன்று அந்த எடைக் குழந்தை பிழைக்காமல் போவதுதான் அபூர்வம். அந்தக் காலத்தில் டிபிபிசியை நுண்துளிகளாக்கிக் குழந்தைகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். 1967இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில் ஜான் கிளெமென்ட்ஸே இருந்தார், நுரையீரல் படலத்தின் பரப்பு இழுவிசையைத் தராசில் அளந்து காட்டியவர் அவர். சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. நோயின் வேர் நுரையீரல் ரத்த ஓட்டக் குறைவோ என்றுகூட எண்ணத் தொடங்கினார்கள். மருந்தின் கருத்து சரி, கலவைதான் தவறு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த இடம் எப்போதும் வலிக்கும். அந்தத் தோல்வியால் ஆராய்ச்சி பல ஆண்டுகள் பின்தங்கிப்போனது.

கிளெமென்ட்ஸ் விடவில்லை. டிபிபிசியோடு ஹெக்ஸாடெகனால் என்ற ஆல்கஹாலையும் டைலாக்ஸபால் என்ற சோப்பு போன்ற பொருளையும் சேர்த்தார். புரதம் செய்யும் பரப்பும் வேலையை இவை செய்யட்டும் என்பது எண்ணம். அதுதான் எக்ஸோசர்ஃப், 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விலங்கிலிருந்து எடுத்த மருந்து கொடுத்தால் ஆக்சிஜன் தேவை நிமிடக் கணக்கில் இறங்கும். இதில் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டையும் ஒப்பிட்ட சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது, விலங்கு மருந்து பெற்ற குழந்தைகளில் நுரையீரல் கிழிந்து காற்று வெளியேறும் நியூமோதோராக்ஸ் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு, இறப்பும் சற்றே குறைவு. புரதம் இல்லாத மருந்துகள் அதன் பிறகு மெல்ல வழக்கொழிந்தன. யாராவது மலிவாக அப்படி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்க வேண்டாம்.

இரண்டாவது வழிதான் இன்று உலகம் முழுக்கப் புழங்குவது. 1972இல் ஸ்வீடனில் யோரான் என்ஹோர்னிங்கும் பெங்ட் ராபர்ட்சனும் குறைமாத முயல் குட்டிகளின் மூச்சுக்குழாயில் முழு வளர்ந்த முயலின் சர்ஃபாக்டன்டை விட்டார்கள், நுரையீரல் விரிந்தது. 1980இல் ஜப்பானின் தெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரல் சாற்றைக் கொஞ்சம் மாற்றியமைத்து 10 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்தப் பத்துக் குழந்தைகளோடுதான் இந்தச் சிகிச்சை உண்மையில் பிறந்தது.

இந்த வகைக்குள்ளேயே தேர்வு இருக்கிறது, நிஜமான முடிவும் இங்கேதான். எல்லாமே கரிமக் கரைப்பானால் பிரித்தெடுக்கப்படுபவை; அதனால் நீரில் கரையும் ஏயும் டியும் எதிலும் இல்லை. கொழுப்போடு சேர்ந்து வரும் பியும் சியும் மட்டும் மிஞ்சுகின்றன. எவ்வளவு மிஞ்சுகிறது என்பது எடுக்கும் முறையைப் பொறுத்தது.

சர்வான்டா, அதாவது பெராக்டன்ட், மாட்டு நுரையீரலை அரைத்து எடுப்பது. அரைக்கும்போது திசுவின் கொழுப்பும் கலந்துவிடும், எஸ்பி-பி மிகக் குறைவாகத்தான் மிஞ்சும். அதை ஈடுகட்ட டிபிபிசி, பால்மிடிக் அமிலம், டிரைபால்மிடின் மூன்றையும் வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். ஃபுஜிவாரா காட்டிய வழி இது. ஒரு மி.லி.யில் 25 மி.கி. பாஸ்போலிபிட், அளவு கிலோவுக்கு 100 மி.கி., அதாவது 4 மி.லி.

கியூரோசர்ஃப், அதாவது போராக்டன்ட் ஆல்ஃபா, பன்றி நுரையீரலை அரைத்து எடுப்பது. பெயரே அதை உருவாக்கிய இரண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகளான குர்ஸ்டெட், ராபர்ட்சன் ஆகியோரின் பெயர்த் துண்டுகளால் ஆனது. இதில் இன்னொரு படி உண்டு. வண்ணப்பிரிகை முறையில் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு போன்ற வேண்டாத கொழுப்புகளை நீக்குகிறார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் பாஸ்போலிபிடும் சுமார் ஒரு சதவீதம் புரதமும். ஒரு மி.லி.யில் 80 மி.கி. என்பதால் கிலோவுக்கு 200 மி.கி. கொடுக்க 2.5 மி.லி. போதும்.

இன்ஃபாசர்ஃப், அதாவது கால்ஃபாக்டன்ட், கன்றின் நுரையீரலை அரைக்காமல் கழுவி எடுப்பது. கழுவும்போது நுண்ணறையின் பரப்பில் இருப்பது மட்டும் வருகிறது, திசு வருவதில்லை. அதனால் எஸ்பி-பியின் பங்கு நன்றாக இருக்கிறது: 35 மி.கி. பாஸ்போலிபிடுக்கு 0.26 மி.கி. கிலோவுக்கு 3 மி.லி. கனடாவின் பிளெஸ் மருந்தும் மாட்டு நுரையீரலைக் கழுவி எடுப்பதுதான். அது 27 மி.கி. அடர்த்தி, கிலோவுக்கு 5 மி.லி.

எஸ்பி-பியை மட்டும் வைத்துப் பார்த்தால் கழுவி எடுத்தவைதான் முன்னால் நிற்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குமிழியை வைத்து அளக்கும்போது அவை நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் குழந்தைகளிடம் செய்த ஒப்பீடுகளில், கழுவி எடுத்த மாட்டு மருந்துக்கும் அரைத்து எடுத்த மாட்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது அரைத்த மாட்டு மருந்துக்கும் பன்றி மருந்துக்கும் இடையில். பன்றி மருந்து பெற்றவர்களில் இறப்பு குறைவு. இங்கேதான் நுணுக்கம். அந்த நன்மை கிலோவுக்கு 200 மி.கி. கொடுத்த ஆய்வுகளில்தான் வந்தது. இரண்டையும் 100 மி.கி. அளவில் கொடுத்தபோது வித்தியாசம் நிரூபணமாகவில்லை. ஆக, பன்றியா மாடா என்பதால் வந்த நன்மையா, இரு மடங்கு அளவால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்ல மாட்டார். நாம் கேட்க வேண்டும்.

அளவு ஏன் இவ்வளவு பேசுகிறது? நிறைமாதக் குழந்தையின் நுரையீரலில் கிலோவுக்குச் சுமார் 100 மி.கி. சர்ஃபாக்டன்ட் இருக்கும். நோயுள்ள குறைமாதக் குழந்தையிடம் 10 மி.கி.கூட இருக்காது. அதோடு அந்த நுரையீரல் கசியும். ஆல்புமின், ஃபைப்ரினோஜன் போன்ற ரத்தப் புரதங்கள் அறைக்குள் வந்து, கொழுப்புக்கு முன்னால் பரப்பில் இடம் பிடித்துக்கொள்ளும். புரதம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எஸ்பி-பி பரப்பில் கொழுப்புக்கு வழி திறக்கிறது, ஆல்புமின் அடைக்கிறது. இந்தப் போட்டியில் ஜெயிக்க ஒரு வழி, சர்ஃபாக்டன்டை ஏராளமாகக் கொட்டுவது. இன்னொரு வழி, கசிவு மோசமாகும் முன்பே கொடுப்பது. அடர்த்தியான மருந்து முதல் வழிக்கு உதவுகிறது: ஒரு கிலோ குழந்தைக்கு 4 மி.லி.யில் 100 மி.கி. விடுவதும் 2.5 மி.லி.யில் 200 மி.கி. விடுவதும் ஒன்றல்ல. மெல்லிய குழாய் வழியாக, குழந்தை தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மருந்தை விடும் லிசா முறையில் இந்தக் குறைந்த கன அளவு கையில் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது வழி, பெப்டைடு. சர்ஃபாக்ஸின் என்ற மருந்தில் 21 அமினோ அமிலங்களாலான சினாபுல்டைடு இருந்தது. ஒரு லைசின், நான்கு லியூசின் என்று திரும்பத் திரும்ப வரும் சங்கிலி, எஸ்பி-பியின் மின்னூட்ட ஒழுங்கைப் போலச் செய்வது. எக்ஸோசர்ஃபைவிட நன்றாக வேலை செய்தது, 2012இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் குளிர்பெட்டியில் கூழாகிவிடும். 44 டிகிரி சூட்டுக் கட்டையில் 15 நிமிடம் வைத்து இளக்கிய பிறகே கொடுக்க முடியும். டிபிபிசியின் 41ஐ இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 2015இல் விற்பனை நின்றுபோனது. எஸ்பி-பி, எஸ்பி-சி இரண்டின் மாதிரிகளையும் சேர்த்த இன்னொரு செயற்கை மருந்து சோதனைகளில் நல்ல முகம் காட்டியிருக்கிறது. விலங்கை நம்பாமல், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யக்கூடிய மருந்து ஒன்று வரும் நாளுக்காக நானும் காத்திருக்கிறேன். இன்றைக்கு வாங்க அது கைவசம் இல்லை.

சரி, முடிவு. பெரிய பிரிவு, 28 வாரத்துக்கும் குறைந்த குழந்தைகள் அடிக்கடி வருவார்கள், லிசா செய்யக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள் என்றால் 200 மி.கி. அளவில் போராக்டன்ட் ஆல்ஃபாதான் என் தேர்வு. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. பணம் இழுத்துப் பிடிக்கும் இடத்தில், 100 மி.கி. போராக்டன்ட் வாங்கி அதே நன்மையை எதிர்பார்ப்பதைவிட, மாட்டு மருந்தை அதன் முழு அளவில், நேரத்தில் கொடுப்பது எவ்வளவோ மேல். சி-பாப்பில் 6 செ.மீ. அழுத்தத்தோடு 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கேட்கும் குழந்தைக்கு, குளிர்பெட்டியில் இருக்கும் சர்வான்டாவே நாளைக் காலை வரவிருக்கும் எந்தக் குப்பியையும்விடச் சிறந்த மருந்து. வேறு ஊருக்கு ஆளனுப்பிக் காத்திருக்க வேண்டாம்.

குப்பியின் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கியூரோசர்ஃப் 1.5, 3 மி.லி. குப்பிகளில் வருகிறது. 600 கிராம் குழந்தைக்குச் சின்னக் குப்பி சொட்டு மிஞ்சாமல் சரியாக இருக்கும். 700 கிராம் என்றால் பெரியதை உடைக்க வேண்டும், பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வீணாகும். வருகிற குழந்தைகளின் எடையைப் பார்த்து இரண்டு அளவும் வைத்துக்கொண்டால் விலை வித்தியாசம் ஓரளவு குறையும்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்தது. மாடு சில குடும்பங்களுக்கு ஒவ்வாது, பன்றி சில குடும்பங்களுக்கு ஒவ்வாது. உயிர் காக்கும் கட்டாயத்தில் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள், ஆனால் கேட்காமல் செய்வது முறையல்ல. நள்ளிரவில், குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போது அப்பாவை வராந்தாவில் நிறுத்தி இதைக் கேட்பது கொடுமை. குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்று தெரிந்ததுமே, அம்மா அட்மிட் ஆகும் அன்றே பேசிவிட வேண்டும்.

அப்புறம், அந்தப் பேச்சு நடக்கும் அதே நாளில் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்றும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹௌவியும் 1972இல் நிரூபித்தது: பீட்டாமெதசோன் 12 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை. இல்லையென்றால் டெக்ஸாமெதசோன் 6 மி.கி., 12 மணிக்கு ஒன்றாக நான்கு தடவை. மேலே சொன்ன எல்லாக் குப்பிகளையும்விட மிக மிக மலிவு. கொழுப்பையும் நான்கு புரதங்களையும் குழந்தையின் நுரையீரலே தயாரிக்க அது தூண்டுகிறது, ஏயும் டியும் உட்பட. இது சர்ஃபாக்டன்டுக்குப் பதில் அல்ல. ஆனால் ஊசி போட்ட அம்மாவின் குழந்தைக்குப் பல நேரம் குப்பியே தேவைப்படாது.

வாங்கிய பிறகு, குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் பார்த்து எழுதி வையுங்கள். சர்வான்டா குப்பியை வெளியே எடுத்தால் அறைச் சூட்டில் 20 நிமிடம், அவசரம் என்றால் உள்ளங்கையில் 8 நிமிடம். அடியில் கொழுப்பு தங்கியிருந்தால் மெதுவாகச் சுழற்றினால் போதும், குலுக்கினால் நுரைத்துவிடும். திறக்காத குப்பியை 24 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு தடவை திரும்ப உள்ளே வைக்கலாம். எப்போது எடுத்தோம் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள். இரவுப் பணிக்கு வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.